இரு வீடுகளும் ஒரு பிள்ளையும்



கணவன் என்றும் மனைவி என்றும் இருவரைக் குறிக்க நம் மொழியில் இரு சொற்கள் உள்ளன. அவ்விருவரும் ஒரு மகவுக்குத் தந்தையும் தாயும் ஆனபின்பு, அவர்களைச் சேர்த்துக் குறிக்கப் 'பெற்றோர்' என்னும் ஒரே சொல் போதுமானதாகின்றது. இச்சொல்லில் ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. இல்லறம் முறிந்து கணவனும் மனைவியும் பிரியலாம். நீதிமன்றம் அவ்வுறவைத் தீர்த்தும் வைக்கலாம். ஆனால், பெற்றமை என்பது நடந்து முடிந்த செயல். அதனை நடவாததாக ஆக்கிவிட எந்தத் தீர்ப்பினாலும் இயலாது. ஒரு வீட்டில் வாழ்ந்த பெற்றோர் இரு வீடுகளில் வாழும் பெற்றோராகின்றனர், மாற்றம் அவ்வளவே.

அவ்வாறு இரு வீடுகளில் வாழ்வோர், தம் பிள்ளையின் வளர்ப்புக்கென ஒரு திட்டத்தை எழுத்தில் வகுத்துக்கொள்வது பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

"இது மேல்நாட்டார் வழக்கமன்றோ? நம் குடும்பங்களுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நம்மிடையேயும் பிரிவு உண்டு. அதற்குப் பெயர் சூட்டத்தான் நாம் தயங்குகின்றோம். "அவர் கொழும்பில் நிற்கின்றார்" என்போம்; "அவள் தாய்வீட்டோடு இருக்கின்றாள்" என்போம். ஆண்டுகள் பல சென்றாலும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டோம். அயலவரிடம் மறைத்தாலும் பாடசாலையில் அதனை மறைக்க முடிவதில்லை. அனுமதிப் படிவத்திலே தந்தையின் முகவரியும் தாயின் முகவரியும் வேறுபட்டிருக்கும் பிள்ளைகள் என்போன்ற அதிபர்களுக்குப் புதியவர்கள் அல்லர். பெயர் சூட்டப்படாத பிரிவில் எதுவும் முடிவு செய்யப்படுவதில்லை. முடிவு செய்யப்படாத ஒவ்வொன்றும் இறுதியில் பிள்ளையின் தலைமீதே வந்து இறங்குகின்றது.

பழைய கதைகள் இரண்டை நேயர்கள் அறிவீர்கள். ஒரு குழந்தைக்கு உரிமை கோரி இரு பெண்கள் சாலமோன் அரசன் முன் வந்தனர் என்று விவிலியம் கூறுகின்றது. குழந்தையை இரண்டாக வெட்டிப் பங்கிடுக என்று அரசன் கட்டளையிட்டபோது, உண்மைத்தாய் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் குழந்தையின் உயிரைக் காத்தாள். நம் நாட்டுப் பௌத்த மக்கள் நன்கறிந்த உம்மக்க சாதகத்திலும் இதனையொத்த கதை உண்டு. மகோசதன் என்னும் அறிஞன் நிலத்திலே ஒரு கோடு கிழித்து, குழந்தையின் கைகளை ஒருத்தியும் கால்களை மற்றொருத்தியும் பற்றி இழுக்கச் செய்தான். குழந்தை வலியால் அழுதவுடன் பிடியை விட்டவளே தாய் என்று தீர்ப்பளித்தான்.

இவ்விரு கதைகளிலும் ஒரு வசதி இருந்தது. இழுத்த இருவரில் ஒருத்தி பொய்த்தாய். ஆகவே, தீர்ப்புக் கூறுதல் எளிதாயிற்று. நம் காலத்து வழக்குகளில் அந்த வசதி இல்லை. கோட்டின் இருபுறமும் நிற்போர் இருவரும் உண்மையான பெற்றோரே. இருவருக்கும் அன்பு உண்டு; இருவருக்கும் உரிமை உண்டு. ஒருவர் பிடியை விட்டால் பிள்ளையின் வலி நீங்கும். ஆனால், பிள்ளைக்கு ஒரு பெற்றோர் இல்லாமற்போவார். இருவரும் இழுத்தால் பிள்ளை கிழிபடும். ஆதலின், இழுக்காமலே பற்றியிருக்கும் வழியைத்தான் நாம் தேடவேண்டும். வளர்ப்புத் திட்டம் என்பது அவ்வழியை எழுத்தில் வடிப்பதேயாகும்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் உதவும் என்பதை முதலிற் பார்ப்போம்.

நம் நாட்டின் பொதுச் சட்டத்துக்கு அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தையே என்றும், கட்டுக்காப்பில் அவருக்கே முதலுரிமை என்றும் நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. நாளடைவில், பிள்ளையின் நலனே தலையாயது என்ற நோக்கு நம் நீதிமன்றங்களில் வலுப்பெற்றது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, விவாக வழக்குகளில் பிள்ளைகளின் கட்டுக்காப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியன பற்றிக் கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வழங்கியது. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்துக்கு இலங்கை 1991ஆம் ஆண்டிலே பின்னுறுதி அளித்தது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை நாம் கருத்திற் கொள்ளவேண்டிய ஒன்று. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ பிரிந்து வாழும் பிள்ளை, தன் நலனுக்கு மாறாக அமைந்தாலன்றி, இருவரோடும் நேரடித் தொடர்பை ஒழுங்காகப் பேணும் உரிமையுடையது என்று அது கூறுகின்றது. இவ்வுரிமை யாருடையது என்பதைக் கவனியுங்கள். தந்தையைக் காணும் உரிமையும் தாயைக் காணும் உரிமையும் பிள்ளைக்கு உரியன. ஒரு தாய், "அவருக்குப் பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்று கூறும்போது, அவர் தடுப்பது கணவரின் உரிமையை மட்டுமன்று; தம் பிள்ளையின் உரிமையையுமாம்.

மேலைநாடுகளில் சட்டத்தின் மொழியே இக்கருத்தையொட்டி மாறி வந்திருக்கின்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1987ஆம் ஆண்டிலே சட்டமியற்றி, பிரியும் பெற்றோர் வளர்ப்புத் திட்டம் ஒன்றை நீதிமன்றத்தில் முன்வைக்கும் முறையைக் கொணர்ந்தது. இங்கிலாந்து 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில், கட்டுக்காப்பு என்ற பழைய சொல்லைக் கைவிட்டு, பிள்ளை எங்கு வதிவது, யாரோடு தொடர்பு கொள்வது என்ற சொற்களை அமைத்துக்கொண்டது. கனடாவின் விவாகரத்துச் சட்டமும் 2021ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாளிலிருந்து அத்தகைய மாற்றத்தைப் பெற்றது. பிள்ளை என்பது வென்றெடுக்கும் பொருளன்று என்பதே இம்மாற்றங்கள் உணர்த்தும் பாடம்.

நம் நாட்டிலோ, 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம், பிறர்மனை கூடல், வஞ்சகமாகக் கைவிடல், விவாக காலத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு ஆகிய மூன்றையுமே விவாகரத்துக்குக் காரணங்களாக வகுத்தது. இதனால், பிரிய விரும்புவோர் ஒருவர்மீது ஒருவர் குற்றம் சாட்டியே தீரவேண்டிய நிலை உண்டாயிற்று. வழக்கேடுகளில் எழுதப்படும் கடுஞ்சொற்கள் தீர்ப்போடு மறைந்துவிடுவதில்லை. பிள்ளையைப் பற்றிப் பேச உட்காரும்போது அவை இருவரின் நடுவே வந்து அமர்ந்துகொள்கின்றன. ஆகவேதான், வழக்குப் பேச்சையும் வளர்ப்புப் பேச்சையும் வெவ்வேறாக வைத்துக்கொள்ளுதல் மிகமிக அவசியமாகின்றது.

இத்தகைய முன்னேற்பாடு நம் மரபுக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே, மனைவியை இழந்த ஒருவன் மறுமணம் செய்ய விரும்பினால், பிள்ளைகளைப் பேரனும் பேர்த்தியும் ஏற்று வளர்ப்பதும், அவ்வேளையிற் பிள்ளைகளுக்குரிய தாய்வழிச் சொத்தைத் தந்தை ஒப்படைப்பதும் சொல்லப்பட்டுள்ளன. அது மரணத்தால் நேர்ந்த பிரிவைப் பற்றியது. ஆயினும், குடும்பத்தின் அமைப்பு மாறும்போது, பிள்ளை எங்கே வளரும், எதைக்கொண்டு வளரும் என்ற இரு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை கூறவேண்டும் என்ற விவேகம் நம் முன்னோரிடம் இருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

இனி, திட்டத்தில் அடங்கவேண்டிய விடயங்களுக்கு வருவோம்.

முதலாவது, பிள்ளையின் நாட்கள். நீதிமன்றம், "பிள்ளை தாயின் கட்டுக்காப்பில் இருக்கும், தந்தை வார இறுதியிற் பார்க்கலாம்" என்று கட்டளையிடலாம். வார இறுதி எப்போது தொடங்குகின்றது, எப்போது முடிகின்றது? வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டவுடனா, சனிக்கிழமை காலையிலா? இச்சிறு கேள்விகளுக்கு விடை எழுதப்படாமையால் விளையும் தொல்லையை நான் பாடசாலையிற் கண்டிருக்கின்றேன். ஏழாந் தரத்து மாணவன் ஒருவன், திங்கட்கிழமை தோறும் புத்தகங்கள் இன்றியோ வீட்டுவேலை செய்யாமலோ வந்தான். சோம்பல் என்று அவனுடைய வகுப்பாசிரியை கருதினார். விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. வார இறுதியை அவன் தந்தையோடு கழித்தான். திங்கட்கிழமை காலையிலே தந்தை அவனை நேரே பாடசாலை வாயிலில் இறக்கிவிட்டுச் செல்வார். புத்தகங்களோ தாயின் வீட்டில் இருந்தன. தந்தையும் தாயும் நல்லவர்களே, பிள்ளைமேல் அன்புள்ளவர்களே. ஆயினும், அவன் எப்போது திரும்பவேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 4 மணிக்குத் திரும்புதல் என்று ஒரு வரி எழுதப்பட்டது. மறுவாரம் முதல் அந்த மாணவனின் சோம்பல் மறைந்துவிட்டது!

நாட்களை வகுக்கும்போது பிள்ளையின் வயதை நோக்குதல் வேண்டும். கைக்குழந்தைக்கு நீண்ட பிரிவு தாங்காது. அதற்குக் குறுகிய நேரமாக, ஆனால் அடிக்கடி காணுதல் நன்று. பாடசாலை செல்லும் பிள்ளைக்கு வார ஒழுங்கு பொருந்தும். பதின்மூன்று, பதினான்கு வயதாயின், அதற்கென நண்பர் உண்டு, விளையாட்டு உண்டு, தனியார் வகுப்பு உண்டு. அவ்வயதிற் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும். சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும் இதனையே வலியுறுத்துகின்றது. ஆனால், விருப்பத்தைக் கேட்பது வேறு. தீர்ப்பைப் பிள்ளையிடம் விடுவது வேறு. "உனக்கு அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்ற கேள்வியை எந்தப் பெற்றோரும் கேட்கலாகாது. எந்த விடையைச் சொன்னாலும் மற்றவருக்குத் துரோகம் செய்துவிட்டதாகவே அந்தப் பிள்ளை தன்னை எண்ணிக்கொள்ளும்.

இரண்டாவது, விடுமுறைகளும் பெருநாட்களும். நம் பாடசாலைகளுக்கு ஆண்டிலே மூன்று தவணைகள். முஸ்லிம் பாடசாலைகளின் தவணைகள் நோன்பு மாதத்தையொட்டிச் சற்று வேறாக அமையும். தவணை அட்டவணை கைக்கு வந்தவுடனே இருவரும் அதனைப் பார்த்து விடுமுறை நாட்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார், நோன்புப் பெருநாள் போன்றவை ஒரு நாளைப் பொறுத்தவை. அவற்றை இரண்டாக வெட்ட முடியாது. ஒற்றைப்பட்ட ஆண்டுகளிற் பொங்கல் தாயோடும் தீபாவளி தந்தையோடும், இரட்டைப்பட்ட ஆண்டுகளில் அதனை மாற்றியும் வைத்துக்கொண்டால் பூசல் எழாது. ஒருவர் கொழும்பிலும் மற்றவர் யாழ்ப்பாணத்திலும் வாழின், இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் உண்டு. அத்தகையோருக்கு வார இறுதி ஒழுங்கு உதவாது. தவணை விடுமுறையிற் பெரும்பகுதியைத் தொலைவில் உள்ளவருக்கு ஒதுக்குவதே நியாயம். பயணத்தில் யார் உடன்செல்வது, செலவு யாருடையது என்பவற்றையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, கையளிக்கும் இடம். பிரிந்தோர் ஒருவரையொருவர் காணும்போதுதான் பழைய கோபம் மூள்கின்றது. அதனைப் பிள்ளை நடுவே நின்று பார்க்கின்றது. ஆகவே, கையளிப்பு அமைதியான இடத்தில், குறித்த நேரத்தில், சுருங்கிய பேச்சோடு நடைபெறுதல் வேண்டும். அம்மம்மா வீட்டு முற்றமாகவோ, இருவரும் மதிக்கும் உறவினர் ஒருவரின் வீடாகவோ அவ்விடம் இருக்கலாம். பாடசாலை வாயில் மட்டும் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கின்றேன். அங்கே பிள்ளையின் தோழர்கள் எல்லாரும் பார்த்து நிற்பர்.

நான்காவது, பணம். 1945ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலே கல்வி இலவசம். அரசு பாடநூல்களை வழங்கினாலும், சப்பாத்து, பஸ் கட்டணம், தனியார் வகுப்பு, மருந்து எனச் செலவுகள் நீளும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், போதிய வருவாயுள்ள பெற்றோர் தம் பிள்ளையைப் பராமரிக்கும் கடப்பாட்டை வலியுறுத்துகின்றது. 18 வயதைக் கடந்து 25 வயதை எட்டாத பிள்ளைகளுக்கும் தக்க சூழ்நிலையிற் பராமரிப்புக் கோர அச்சட்டம் வழிவகுத்தது. இதற்கான விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்திற் செய்யப்படுவது. திட்டத்திலே மாதாந்தத் தொகை, அது வங்கியிற் சேரவேண்டிய திகதி, எதிர்பாராத மருத்துவச் செலவைப் பகிரும் விகிதம் ஆகியவற்றை இலக்கத்திற் குறிப்பிடுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பணம் தராவிட்டாற் பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்று தாயும், "பிள்ளையைக் காட்டாவிட்டாற் பணம் தரமாட்டேன்" என்று தந்தையும் கூறுவது பல இடங்களில் நிகழ்வதொன்று. பிள்ளைக்கு உணவும் வேண்டும், தந்தையும் வேண்டும். ஒன்றைப் பணயம் வைத்து மற்றொன்றைப் பெற முயன்றால் அது இரண்டையும் இழக்க நேரிடும். பணம் தவறினால் அதற்கு நீதவான் நீதிமன்றம் உண்டு. சந்திப்புத் தவறினால் அதற்கு மாவட்ட நீதிமன்றம் உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சிடவேண்டா.

ஐந்தாவது, பெரிய முடிவுகள். எந்தப் பாடசாலை, எந்த மொழிமூலம், க.பொ.த. உயர்தரத்தில் எந்தப் பிரிவு, சத்திரசிகிச்சை வேண்டின் யார் ஒப்பமிடுவது, தாயும் தந்தையும் வெவ்வேறு சமயத்தவராயின் பிள்ளை எந்தச் சமயத்தைப் பயில்வது ஆகியவை இருவரும் கூடி முடிவு செய்யவேண்டியவை. அன்றாட உணவு, உறக்கம், உடை போன்றவற்றைப் பிள்ளை அன்று யாரோடு நிற்கின்றதோ அவரே தீர்மானிக்கட்டும். மற்ற வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு உறங்கினார்களா, பத்து மணிக்கு உறங்கினார்களா என்று வினவுதல் வேண்டியதில்லை. ஆனால், பரீட்சைக் காலத்தில் மட்டும் இரு வீடுகளிலும் ஒரே ஒழுங்கு நிலவுதல் நன்று. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் ஒரு பிள்ளைக்கு இரு வீடுகளின் பூசலையும் சேர்த்துச் சுமக்கும் பருவங்கள் அல்ல.

ஆறாவது, தொடர்பு. பிள்ளை தொலைவில் உள்ள பெற்றோரோடு தொலைபேசியிற் பேச நாளும் நேரமும் குறிக்கப்படவேண்டும். நம் நாட்டிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்ற தாய்மாரும் தந்தையரும் பலர். குவைத்திலும் கட்டாரிலும் சவூதி அரேபியாவிலும் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. இங்கே இரவு 8 மணியாகும்போது அங்கே மாலை 5.30. பணி முடியாத வேளையிற் குழந்தை அழைத்துப் பயனில்லை. இதனைக் கணக்கிட்டு, வெள்ளிக்கிழமை போன்ற ஓய்வு நாளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பேசும்போது பக்கத்தில் நின்று ஒட்டுக்கேளாமலும், பேசி முடிந்தபின் "என்ன சொன்னார்?" என்று வினவாமலும் இருப்பது வீட்டிலுள்ளோரின் கடமை. பெற்றோர் இருவரும் தமக்குள் அறிவிக்க வேண்டியவற்றைத் தாமே அறிவிக்கட்டும். "அப்பாவிடம் சப்பாத்துக்குப் பணம் கேள்" என்று சொல்லியனுப்பினால் பிள்ளை தூதுவனாகிவிடுகின்றது. தூதுவர்மேல் விழும் கோபம் எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

ஏழாவது, உறவினர். பிரிவினாற் பிள்ளை ஒரு பெற்றோரை மட்டும் இழப்பதில்லை; அப்பப்பாவையும் அப்பம்மாவையும், மாமனையும் மாமியையும், ஒத்த வயது மச்சான்மாரையும் சேர்த்தே இழந்துவிடுகின்றது. ஆகவே, அவர்களைக் காணும் நாட்களும் திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மறுமணம் செய்துகொண்டால், புதியவரைப் பிள்ளை எப்படி அழைப்பது என்பதை வற்புறுத்தாமல் பிள்ளையின் போக்கிலே விட்டுவிடலாம்.

எட்டாவது, கடல்கடந்த பயணம். பிள்ளையின் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், வெளிநாடு செல்வதாயின் எத்தனை நாள் முன்னர் அறிவிக்கவேண்டும் என்பனவற்றை எழுதுக. ஒருவருக்கு அறிவியாமற் பிள்ளையை வேறுநாட்டுக்குக் கொண்டுசெல்வது பாரதூரமான செயல். இதுபற்றிய சர்வதேச உடன்படிக்கையைச் செயற்படுத்த இலங்கை 2001ஆம் ஆண்டிலே 10ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது.

இவ்வளவையும் எழுதுவது எப்படி? பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில் அமர்ந்து, ஓர் அப்பியாசக் கொப்பியைத் திறந்து, முதலில் பிள்ளையின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள். எப்போது எழுகின்றது, எப்போது பஸ் ஏறுகின்றது, எப்போது பசிக்கின்றது, யார் அருகில் உறங்குகின்றது என்று எழுதும்போதே, எவ்வளவு பணி இருக்கின்றது என்பதும், அதனை ஒருவரே செய்ய இயலாது என்பதும் இருவருக்கும் விளங்கும். பின்னர், மேற்சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை காணுங்கள். இணங்க முடியாதவற்றை ஒதுக்கிவைத்து, இணங்கியவற்றை முதலில் எழுதுங்கள். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். இருவரும் ஒப்பமிட்ட கடிதம் நல்லெண்ணத்தின் சான்றேயன்றி, நீதிமன்றக் கட்டளையின் வலுவை உடையதன்று. வழக்கு நடைபெறுமாயின், அவ்விணக்கத்தை நீதிமன்றத்தின் முன்வைத்துக் கட்டளையாகப் பெற்றுக்கொள்வதே உறுதியான வழி. அன்றியும், ஆண்டுக்கொருமுறை, புதிய வகுப்புத் தொடங்குமுன்னர், திட்டத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தைத்த சட்டை பன்னிரண்டு வயதிற் பொருந்துவதில்லை.

திட்டம் ஆனபின் அதனைப் பிள்ளைக்கு இருவரும் சேர்ந்தே அறிவிப்பது நன்று. "நாங்கள் பிரிந்திருப்பது உன்னால் அன்று" என்ற சொல் அப்பொழுது கட்டாயம் சொல்லப்படவேண்டும். பெரியோர் நினைப்பதிலும் பார்க்க அதிகமான பிள்ளைகள், தம் குறும்பினாலும் குறைந்த புள்ளிகளினாலுமே வீடு உடைந்தது என்று தமக்குள் எண்ணி வாடுகின்றனர்.

பாடசாலைக்கும் இதிற் பங்குண்டு. பிள்ளையை அழைத்துச் செல்ல உரிமையுடையோர் யாவர் என்பதைப் பெற்றோர் எழுத்தில் அதிபரிடம் தரவேண்டும். நீதிமன்றக் கட்டளை இருப்பின் அதன் பிரதியையும் சேர்த்துத் தரவேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஒருவரை வாயிலில் தடுத்து நிறுத்தும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் இல்லை. தேர்ச்சி அறிக்கையை இருவரும் பார்ப்பதற்கு வழி செய்யப்படவேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இருவரும் ஒன்றாக அமர இயலாவிடின் வெவ்வேறு நேரத்தில் வந்து வகுப்பாசிரியரைக் காணலாம். ஆசிரியர்களும் தம் நாவைக் காத்தல் வேண்டும். வகுப்பறையிலே "உன் அப்பா ஏன் வரவில்லை?" என்று பலர் முன்னிலையிற் கேட்பது ஒரு பிள்ளையை நிலைகுலையச் செய்யப் போதுமானது.

இறுதியாக, மறவாது கூறவேண்டிய ஒன்று உண்டு. நான் இதுவரை கூறியவை, இருவரும் ஒருவரையொருவர் அஞ்சாமல் அமர்ந்து பேசக்கூடிய குடும்பங்களுக்கே பொருந்தும். அடி, உதை, அச்சுறுத்தல், பிள்ளைமீது தகாத நடத்தை ஆகியன நிலவிய வீட்டிலே, இணங்கிப் போங்கள் என்று கூறுவது அறமாகாது. அங்கே முதற்கடமை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பிள்ளைக்கு ஆபத்து நேருமாயின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் அறிவிக்கலாம். பிள்ளையைக் காணுதல் அங்கே முற்றாகத் தடுக்கப்படலாம்; அல்லது வேறொருவரின் கண்காணிப்பிலே நடைபெறலாம். அதனை நீதிமன்றமே தீர்மானித்தல் வேண்டும்.

ஏனைய குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரையொருவர் மன்னிக்க முடியாத இருவர்கூட, ஒரு பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைப் பற்றி உடன்பட முடியும். அவ்வுடன்பாட்டுக்கு அன்பு கூட வேண்டியதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஒழுக்கம் இருந்தாற் போதும். நான்கு மணி என்றால் நான்கு மணிக்கு வந்து நிற்கும் தந்தையும், நான்கு மணிக்குப் புன்முறுவலோடு கதவைத் திறக்கும் தாயும், அந்தப் பிள்ளைக்கு உலகத்தின்மேல் நம்பிக்கையை ஊட்டுகின்றனர். வீடு இரண்டானாலும், அப்பிள்ளை எந்த வீட்டிலும் விருந்தாளியாக உணராதிருக்க வேண்டும். அதுவே நாம் வேண்டுவது.